குட்டைக்குள் ஓர் ஊர் – 9
வால் கரையும் நாள்

ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்துப் பெய்தால் போதும், திருத்தங்கல் பக்கம் வீட்டுப் புறவாசலில் ஒரு குட்டை உண்டாகிவிடும். மண் தோண்டிய பள்ளமோ, தென்னைக்கு வெட்டிய குழியோ, துவைகல்லை ஒட்டிய தாழ்வோ, எதுவானாலும் சரி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற கரிசல், ஈரம் ஏறியதும் உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு தண்ணீர் லேசில் கீழே இறங்காது. போன வாரம் அந்தத் தண்ணீரில் முட்டையிட வரும் தட்டானைப் பார்த்தோம். இந்த வாரம் தவளை.

மழை விட்ட ராத்திரியே சத்தம் தொடங்கிவிடும். இத்தனை மாதம் மண்ணுக்குள்ளும் கல்லிடுக்கிலும் கிடந்ததெல்லாம் தண்ணீரைத் தேடி வரும். ஆண் மாட்டுத்தவளை இந்தச் சில நாட்களுக்கு மட்டும் பளீர் மஞ்சளாக மாறும். தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகள் உப்பும். விடிந்ததும் குட்டையோரப் புல்லில் தேரை முட்டைகள் சுற்றிக் கிடப்பதைக் காணலாம். நீளநீளமாக வழவழப்பான இழைகள், உள்ளே வரிசையாகக் கறுப்பு மணிகள்.

சில நாளில் அவை பொரிந்து தலைப்பிரட்டைகளாக நீந்தும். ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். அடிவயிற்றுத் தோலின் வழியே குடல் தெரியும், தரைச்சக்கரம் மாதிரிச் சுருண்டு. பாசியைத் தின்று செரிக்க அவ்வளவு நீளம் வேண்டும். வளர்ந்த பின் பூச்சிதான் சாப்பாடு என்பதால் இந்தக் குடல் சுருங்கிப்போகும். முதலில் பின்னங்கால்கள் முளைக்கும். முன்னங்கால்கள் தோலுக்கடியிலேயே வளர்ந்து காத்திருந்து, ஒருநாள் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கடைசியில்தான் வால். அது அறுந்து விழுவதில்லை. உடம்பே அதைக் கரைத்துத் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. வாயும் குடலும் மாறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் வேறு எதையும் தின்ன வழியில்லை.

இத்தனைக்கும் உத்தரவு போடுவது தைராய்டு சுரப்பி. குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டுத் துணுக்குகளைத் தின்னக் கொடுத்துப் பார்த்து, கண்டதை 1912-இல் எழுதினார். முழு வளர்ச்சிக்கு முன்பே அவை குட்டிக் குட்டித் தவளைகளாகிவிட்டன. தைராய்டு ஹார்மோன் உண்டாக அயோடின் வேண்டும். தலைப்பிரட்டைக்கும் நமக்கும் இதில் வித்தியாசமே கிடையாது. அதே சுரப்பி, அதே அயோடின், அதே ஹார்மோன்.

நம் ஊர் விஷயம் இங்கேதான் வருகிறது. வானத்தில் போய் விரிகிற பேன்சி ரகப் பட்டாசுகளின் மருந்தில் பொட்டாசியம் பெர்குளோரேட் சேர்க்கிறார்கள். எரிவதற்கான ஆக்சிஜனைக் கொடுக்கும் உப்பு அது. தண்ணீரில் கரைந்தால் மண்ணில் ஒட்டாது, லேசில் சிதையவும் சிதையாது. தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும். உடம்புக்குள் போனால், தைராய்டுக்குள் அயோடின் நுழைகிற அதே வாசலில் நின்று அதை மறித்துவிடும். 2002-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெர்குளோரேட் கலந்த நீரில் தலைப்பிரட்டைகளை வளர்த்துப் பார்த்தார்கள். முன்னங்கால் வெளிவருவது தடைப்பட்டது, வாலும் கரையவில்லை. நல்ல தண்ணீருக்கு மாற்றிய பின்தான் நின்றுபோன மாற்றம் மறுபடி தொடர்ந்தது.

வற்றாத ஏரி என்றால் சில வாரத் தாமதத்தைத் தாங்கலாம். புறவாசல் குட்டையில் முடியாது. அடுத்த மழை தவறினால் மாதக் கணக்கில் அதில் தண்ணீர் நிற்காது. அதற்குள் கால் முளைத்து, வால் கரைந்து, நுரையீரலால் மூச்சுவிடப் பழகிக் கரையேறியாக வேண்டும். பத்து நாள் பிந்தினாலும் வாலோடு சேற்றில் காய வேண்டியதுதான். அந்த நஞ்சு தலைப்பிரட்டையை நேராகக் கொல்ல வேண்டியதே இல்லை. காலத்தைக் கடத்தினால் போதும்.

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைகள் உள்ள பகுதியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் இருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. சில இடங்களில் அது, குடிநீருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்போது சொன்ன அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. இதை எழுதுவது ஆலைகளை மூடச் சொல்வதற்காக அல்ல. இந்த வட்டாரத்தில் லட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிவது அந்தத் தொழிலால்தான். ஆனால் மருந்து அறையைக் கழுவிய தண்ணீரும், கழிவு மருந்து எரித்த மண்ணில் விழுந்த மழையும் ஓடைக்குப் போகாமல் தடுப்பது தொழிலை முடக்கும் காரியம் அல்ல. இது தலைப்பிரட்டையோடு நிற்கிற விஷயமும் அல்ல. கர்ப்பிணிக்கு அயோடின் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. பெர்குளோரேட்டைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கொசுவுக்குப் பயந்து குட்டையில் கம்பூசியா மீன் விடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அந்த மீன், கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்னும். மாட்டுத்தவளையின் தலைப்பிரட்டையும் தட்டான் குஞ்சும் கொசுப்புழுவைத் தின்கிறவைதான். டெங்கு கொசு அதிகம் தேடுவது டிரம், தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை. அவற்றைக் கவிழ்த்து வையுங்கள், குட்டையை விட்டுவிடுங்கள்.

விருதுநகர், சிவகாசிக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மழைக்காலத்தில் ஆலையை ஒட்டிய குட்டை ஒன்று, தள்ளியுள்ள குட்டை ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை கண்ட நாள், பின்னங்கால் வந்த நாள், முன்னங்கால் வந்த நாள், வால் கரைந்த நாள், நான்கையும் நோட்டில் குறியுங்கள். தண்ணீரின் சூட்டையும் கூடவே குறியுங்கள். வெயில் பட்ட குட்டையில் எல்லாமே சீக்கிரம் நடக்கும். ஊரில் உள்ளவர்கள் அடுத்த கிராம சபையில் எழுந்து, ஊருணித் தண்ணீரையும் குடிநீர்க் கிணற்றையும் பெர்குளோரேட்டுக்குப் பரிசோதிக்கச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள்.

(தொடரும்)