கூடிப் படித்தவர்கள் – 6: சுருட்டுச் சாலையில் ஒரு சபை

1373-ஆம் ஆண்டில் ஃபிளாரன்ஸ் நகர ஆட்சியினர், நகரத்தாரின் விண்ணப்பத்துக்கு இணங்கி, தாந்தேயின் காப்பியத்தைப் பகிரங்கமாக விரித்துரைக்கும்படி பொக்காச்சியோவை நூறு பொற்காசு சம்பளத்தில் நியமித்த வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே சொன்னவர் ஒரு மகாவித்துவான், ஊதியம் கொடுத்தது அரசாங்கம், இடமோ ஆலயம். இந்த வாரம் நாம் புகவிருக்கும் சபையில் வித்துவான் இல்லை, அரசாங்கத்தின் தயவு இல்லை, ஆலயத்தின் சாந்தியும் இல்லை. புகையிலை நெடி மூக்கைத் துளைக்கும் நீண்ட கூடம். வரிசை வரிசையாக மேஜைகள். அவற்றின் முன்னே குனிந்த தலை நிமிராத தொழிலாளர். அவர்களில் பலருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. ஆயினும் செர்வாந்தெஸும் ஹியூகோவும் ஜோலாவும் எங்கெங்கோ பெற்ற ரசிகர் கூட்டங்களுள், இவ்வளவு விசுவாசமாக நாள் தவறாமல் கூடிய கூட்டம் வேறு ஒன்று இருந்ததா என்பது சந்தேகமே.

இந்தச் சம்பிரதாயம் சுருட்டுச் சாலையில் வேரூன்றியதற்குக் காரணம் அத்தொழிலின் இயல்பிலேயே இருக்கிறது. நெசவாலையில் யந்திரத்தின் இரைச்சல்; கொல்லனின் உலைக்களத்தில் சம்மட்டியின் ஓசை. கியூபாவின் சுருட்டுச் சாலையிலோ எல்லாம் கைவேலை. தொழிலாளி தன் மேஜைமுன் அமர்ந்து, உள்ளே வைக்கும் இலைகளைக் கையளவாகச் சேர்த்து, அவற்றை வேறோர் இலையால் கட்டி, கடைசியாக மெல்லிய மேலிலையை வளைந்த தகட்டுக் கத்தியால் நறுக்கிச் சுற்றி முடிக்கிறான். பழகிய விரல்கள் இவற்றையெல்லாம் தாமாகவே செய்துகொண்டிருக்க, காதுக்கு நாள் முழுவதும் வேலையில்லை. அந்த வேலையின்மை சிறிது காலத்தில் பெருந்துன்பமாகிவிடும் என்பதை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து பழகியவர் யாவரும் அறிவர். பேசிப் பொழுது போக்கலாம். ஆனால் பக்கத்து மேஜைக்காரனிடம் பேசுவதற்கு இருக்கும் விஷயம் ஒருநாள் தீர்ந்துபோகும். தீராத பேச்சு எங்கே கிடைக்கும் என்று தேடியவர்களுக்குப் புஸ்தகம் கிடைத்தது.

தேடியவர்களுள் முதலாவதாகச் சொல்லத் தக்கவர் சதுர்னினோ மார்த்தினெஸ். ஸ்பெயின் தேசத்தின் அஸ்தூரியாஸ் பிரதேசத்தில் பிறந்து ஹவானாவில் குடியேறியவர். பகலில் பார்தகாஸ் சாலையில் சுருட்டுச் சுற்றி, மாலையில் ஒரு நூல்நிலையத்தில் பணியாற்றி, இடையிடையே கவிதையும் எழுதியவர். 1865 அக்டோபரில் இவர் ‘லா அவுரோரா’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொழிலாளருக்கென்றே தொடங்கினார். ஆனால் எழுத்தறியாதவன் கையில் பத்திரிகையைக் கொடுத்து என்ன பயன்? இக்கேள்விக்கு விடை அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே கிடைத்துவிட்டது. டிசம்பர் மாதத்தில் ‘எல் ஃபிகாரோ’ என்ற சாலையின் தொழிலாளர், தங்களுள் ஒருவரைப் படிப்பவராக அமர்த்தி, அவர் சுருட்டுச் சுற்றாத நேரத்துக்கு நேரும் கூலி நஷ்டத்தைத் தாங்களே பங்கிட்டு ஈடு செய்து, அவர் படிக்கத் தாங்கள் கேட்டார்கள். அடுத்த மாதமே பார்தகாஸ் சாலையும், அதன்பின் மற்றச் சாலைகளும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டன. படிப்பவருக்கு லெக்தோர் என்று பெயர் வழங்கிற்று. அவருக்கென்று கூடத்தில் ஒரு மேடை எழுந்தது.

மேடை எழுந்தவுடனே அதிகாரவர்க்கத்தின் புருவமும் எழுந்தது. கியூபா அப்போது ஸ்பெயினின் காலனி. அடிமை முறை அங்கே 1886 வரையில் சட்டத்தின் பாதுகாப்போடு நிலவியது. அத்தகைய தேசத்தில் 1866 மே மாதத்திலேயே, அதாவது எல் ஃபிகாரோவில் முதற்குரல் எழுந்து ஆறு மாதம் நிறைவதற்குள், புத்தகமும் பத்திரிகையும் படித்தோ தொழிலுக்குப் புறம்பான விவாதங்களை நடத்தியோ தொழிலாளரின் கவனத்தைக் கலைக்கலாகாது என்று கவர்னரின் உத்தரவு பிறந்தது. இந்த உத்தரவைப் பரிகாசம் செய்வது எளிது. ஆனால் அதைப் பிறப்பித்தவர்கள் மூடர்கள் அல்லர். பல இலக்கிய விமர்சகர்கள் காணாத உண்மையொன்றை அவர்கள் கண்டுகொண்டார்கள். முந்நூறு பேர் தத்தம் வீட்டில் ஒரு நூலைத் தனித்தனியே படித்தால் முந்நூறு அபிப்பிராயங்கள் பிறந்து அந்தந்த வீட்டோடு அடங்கிவிடுகின்றன. அதே முந்நூறு பேர் ஒரே வேளையில் ஒரே பக்கத்தைக் கேட்டு, அடுத்த மேஜைக்காரனின் முகம் மாறுவதையும் கண்டுவிட்டால், அந்தக் கணத்தில் அங்கே ஒரு பொது அபிப்பிராயம் உருவாகிவிடுகிறது.

1868-இல் கியூபாவின் விடுதலைப் போர் மூண்டது. பத்தாண்டு நீடித்த அந்தப் போரின் கொந்தளிப்பில் சுருட்டுத் தொழிலாளரும் முதலாளிகளும் திரள் திரளாகக் கடல் கடந்து அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தை அடைந்தார்கள். முதலில் கீ வெஸ்ட் தீவிலும், 1880-களின் பிற்பகுதியில் டாம்பா நகரை அடுத்து விசென்தே மார்த்தினெஸ் ஈபோர் என்ற முதலாளி நிறுவிய ஈபோர் சிட்டியிலும் சுருட்டுச் சாலைகள் தோன்றின. கியூபரும் ஸ்பானியரும் இத்தாலியரும், வெள்ளையரும் கறுப்பரும், ஒரே கூடத்தில் அமர்ந்து தொழில் செய்த அவ்விடத்திலேதான் லெக்தோர் மரபு தன் பூரண வளர்ச்சியை அடைந்தது. 1891-இல் விடுதலைக் கவிஞர் ஹோசே மார்த்தி டாம்பாவுக்கு வந்து பிரசங்கம் செய்தபோது, அவருடைய சொற்களைப் பற்றிக்கொள்ளும் பக்குவத்தோடு ஒரு ஜனக்கூட்டம் அங்கே காத்திருந்ததென்றால், அந்தப் பக்குவத்தில் ஒரு பங்கு லெக்தோர்களின் உபகாரம்.

இந்தச் சபையின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏனெனில் அதன் சாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. லெக்தோர் ஆக விரும்புகிறவர் முதலில் கூடத்தின்முன் படித்துக் காட்ட வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி மேஜை வரை எட்டும் குரலும், பாத்திரத்துக்குப் பாத்திரம் அக்குரலை மாற்றும் சாதுர்யமும், ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்த மாத்திரத்தில் ஸ்பானிய மொழியில் சொல்லிப் போகும் வன்மையும் அவருக்கு வேண்டும். கேட்டுத் திருப்தியுற்றால் தொழிலாளர் வாக்களித்து அவரை நியமிப்பார்கள். அவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் தம் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வசூலையும் மற்ற நிர்வாகத்தையும் கவனிப்பதற்கு அவர்களே ஒரு கமிட்டியையும் வைத்துக்கொண்டார்கள். முற்பகலில் செய்தித்தாள், தொழிலாளர் இயக்கத்தின் பத்திரிகைகளுக்கும் ஒரு வேளை உண்டு, நாவலுக்குப் பிற்பகல். ஒரு நாவல் முடிந்ததும் அடுத்தது எது என்பதற்கு மறுபடியும் வாக்கெடுப்பு. சாலை முதலாளியுடையது; புகையிலையும் அவருடையது; அந்தக் கூடத்தில் ஒலித்த குரல் ஒன்று மாத்திரம் தொழிலாளருடையது.

அப்படி வாக்களித்து அவர்கள் தேர்ந்தெடுத்தவை எவை? செர்வாந்தெஸின் ‘டான் குவிக்ஸாட்’. தமிழ் வாசகர்கள் சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வாயிலாக அறிந்த ஹியூகோவின் பெருநாவல். ஜோலாவின் சுரங்கத் தொழிலாளர் கதை. தூமாவின் சாகஸக் கதைகள். ‘மாண்டி கிறிஸ்டோ’ என்ற பெயரோடு இன்றும் உலகெங்கும் விற்பனையாகும் ஹவானாச் சுருட்டுக்கு அப்பெயர் வாய்த்தது, தூமாவின் அந்த நாவலின்மேல் தொழிலாளருக்கிருந்த மோகத்தினாலேயே. படிக்கப்பட்ட பகுதி மனத்துக்கு உகந்தால் அவர்கள் கைத்தட்டுவதில்லை. தகட்டுக் கத்திகளை மேஜைப் பலகையில் தட்டி ஆரவாரிப்பார்கள். உகக்காவிட்டால் கத்திகள் தரையில் விழும். அந்த ஓசையைக் கேட்ட பிறகும் அதே சுருதியில் படித்துக்கொண்டு போகத் துணிந்த லெக்தோரின் பதவி நெடுநாள் நீடித்திராது.

மகாகாவியங்களையும் பெருநாவல்களையும் ரசிப்பதற்கு ஓய்வும் செல்வமும் கல்லூரிப் பயிற்சியும் வேண்டுமென்ற அபிப்பிராயம் எல்லாத் தேசங்களிலும் கற்றவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த அபிப்பிராயத்துக்கு ஈபோர் சிட்டியின் வாக்குப் பெட்டி தக்க மறுப்பாகும். தம் பெயரை எழுதத் தெரியாத முதியவர் தம் பேச்சினிடையே செர்வாந்தெஸை எடுத்தாள்வது அங்கே அபூர்வமான காட்சியன்று. நம் வள்ளுவர் கல்லாமையைச் சொன்ன உடனே, அடுத்த அதிகாரமாகவே கேள்வியை வைத்த முறைமையில் எவ்வளவு கருணை இருக்கிறது என்பது இத்தகைய மனிதர்களை நினைக்கும்போதுதான் நமக்குப் புலனாகிறது. கேட்டதை மனத்தில் ஊறவைக்கும் மனனத்துக்கும் அங்கே குறைவில்லை. நாவல் ஓர் இக்கட்டான கட்டத்தில் நின்றுவிட, மறுநாள் பிற்பகல் வரையில் காத்திருக்க வேண்டிய தொழிலாளி, அந்தப் பாத்திரம் செய்தது தர்மமா அதர்மமா என்ற விவாதத்தைச் சாலையிலிருந்து காப்பிக் கடைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் கொண்டு சென்றான்.

இதே வழக்கம் நியூயார்க்கின் சுருட்டுக் கூடங்களிலும் இருந்தது. அங்கே இளம் தொழிலாளியாக இருந்த சாமுவேல் காம்பர்ஸ் நன்றாகப் படிக்கக் கூடியவராகையால், அவர் படிக்கும் நேரத்தில் மற்றவர்கள் தாங்கள் சுற்றிய சுருட்டுகளில் சிலவற்றை அவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். 1886-இல் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் முதல் தலைவரானவர் இவரே. பெண்களும் இம்மேடையில் ஏறியதுண்டு. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த லூயிசா கபெட்டில்லோ தம் தேசத்துச் சாலைகளில் லெக்தோராக இருந்து, பின்னர் ஈபோர் சிட்டியிலும் அப்பதவி வகித்தார். பெண்கள் காற்சட்டை அணிவதே அபசாரமாகக் கருதப்பட்ட நாளில் அதை அணிந்து வெளியே வந்ததற்காக 1915-இல் ஹவானாவில் கைதானவரும் இவர்தாம்.

முடிவு 1931-இல் வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் தொழில் நலிந்திருந்த அக்காலத்தில், லெக்தோர்கள் புரட்சிப் பத்திரிகைகளைப் படித்துத் தொழிலாளரின் மனத்தைக் கெடுக்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டிய டாம்பா முதலாளிகள், அவ்வாண்டு நவம்பரில் மேடைகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தும் பயனில்லை. லெக்தோர் நின்ற கூடங்களுக்குப் பின்னர் ரேடியோப் பெட்டி வந்து சேர்ந்தது.

ரேடியோவைக் குறை சொல்வது என் நோக்கமன்று. சங்கீதமும் செய்தியும் அது தாராளமாகவே வழங்கியது. எந்த லெக்தோரின் தொண்டையும் அவ்வளவு நேரம் தாங்கியிராது. ஆயினும் அதற்கும் லெக்தோருக்கும் உள்ள பேதம் குரலில் இல்லை. லெக்தோரைத் தொழிலாளர் நியமித்தார்கள், நீக்கினார்கள். எதைப் படிப்பது என்று கட்டளையிட்டார்கள். பிடிக்காதபோது கத்தியைக் கீழே போட்டார்கள். ரேடியோவின்முன் எத்தனை கத்திகள் விழுந்தாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். கூடிக் கேட்பவர்கள் எல்லாருமே கூடிப் படிப்பவர்கள் ஆகிவிடமாட்டார்கள். அடுத்த நூலைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும், படிப்பவரை இடைமறிக்கும் உரிமையும் கேட்பவரிடம் இருக்கிற இடத்திலேதான் அந்தப் பெயர் பொருந்துகிறது. சபைகள் பல இன்றும் தோன்றுகின்றன, மறைகின்றன. அவற்றின் தராதரத்தை அறிய விரும்புகிறவர், அங்கே எத்தகைய மகாகிரந்தம் படிக்கப்படுகிறது என்று விசாரிப்பதற்கு முன்னால், அதைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று விசாரிப்பது நலம்.

கியூபாவின் சுருட்டுச் சாலைகளில் லெக்தோர் இன்றும் படித்து வருகிறார். நமக்கு அண்மையிலேயே, கேரளத்தின் கண்ணூர் வட்டாரத்துப் பீடித் தொழிலாளர், தங்களுள் ஒருவரைப் பத்திரிகை படிக்கச் செய்து, அவருக்காகத் தாங்கள் பீடி சுற்றிக் கொடுத்து வந்தார்கள். 1969-இல் அவர்கள் அமைத்த தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்திலும் அவ்வழக்கம் தொடர்ந்தது. ஹவானாவைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் அவர்கள் இதைச் செய்ய வேண்டுமென்பதில்லை. கைக்கு வேலையும் காதுக்கு ஓய்வும் கூலியில் பங்கிட்டுக்கொள்ளும் மனமும் வாய்த்த இடத்தில் இத்தகைய ஏற்பாடு தானாகவே முளைக்கக்கூடியது.

எல் ஃபிகாரோவில் லெக்தோர் முதன்முதலாகப் படித்த அதே 1865-இல், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், கவிஞர் லாங்ஃபெல்லோவின் இல்லத்தில் புதன்கிழமை இரவுகளில் சில நண்பர்கள் கூடினார்கள். அங்கே கேட்பவர்கள் பேராசிரியர்களும் கவிஞர்களும். படிப்பவர், தாந்தேயைத் தாம் மொழிபெயர்த்த ஏடுகளைக் கையில் ஏந்திய லாங்ஃபெல்லோவே. சுருட்டுத் தொழிலாளரிடமிருந்த இடைமறிக்கும் உரிமை அந்த நண்பர்களிடமும் இருந்ததா, இருந்ததென்றால் ஒரு மகாகவியின் மொழிபெயர்ப்பை அது என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)