பழுவேட்டரையரும் மழவராயரும்

பழுவேட்டரையர் என்ற பெயருக்குள் ஓர் ஊர் இருக்கிறது. அரியலூருக்குத் தெற்கே மேலப்பழுவூர், கீழப்பழுவூர் என்று பிரிந்து கிடக்கும் பழுவூர்தான் அது. 'பழு' என்றால் ஆலமரம். கீழப்பழுவூர்ச் சிவன் கோயிலுக்கு ஆலந்துறை என்று பெயர், தலமரமும் ஆல்தான். 'அரையர்' என்பது அரசரைக் குறிக்கும் சொல். ஊரின் பெயரும் ஆட்சியின் பெயரும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் பெயராயின.

சோழருக்கு அடங்கிய சிற்றரசர்களாகப் பத்தாம் நூற்றாண்டில் சிறந்திருந்த இக்குடும்பத்தார் கல்வெட்டுகளில் இடம்பெறும் முறை கவனிக்கத்தக்கது. குமரன் கண்டன், குமரன் மறவன், கண்டன் அமுதன், மறவன் கண்டன், கண்டன் மறவன். முன்னால் நிற்பது தந்தை பெயர், பின்னால் வருவது சொந்தப் பெயர். பாட்டன் பெயர் பேரனுக்கு வரும் வழக்கத்தால் அதே சில பெயர்கள் திரும்பத் திரும்பச் சுழல்கின்றன. பழுவேட்டரையர் என்ற பட்டம் எல்லோருக்கும் பொது; ஆளைப் பிரித்துக் காட்டுவது தந்தை பெயரோடு சேர்ந்த சொந்தப் பெயரே.

குடும்பத்தின் பூர்வீகத்துக்கும் சான்று இருக்கிறது. சுந்தர சோழனின் அன்பில் செப்பேடு, முதலாம் பராந்தகன் மணந்த பெண்ணின் தந்தையான பழுவேட்டரையரைக் கேரள அரசர் என்கிறது. மலையாளர் பழுவூரில் வழிபட்டதைச் சம்பந்தர் தேவாரமும் சொல்கிறது. சேர நாட்டிலிருந்து வந்து ஆலமரத்தடி ஊரில் வேரூன்றிய குடும்பம் என்று ஆய்வாளர்கள் கொள்வது இதனால்தான். பாண்டியரும் இலங்கைப் படையும் சேர்ந்து எதிர்த்த வெள்ளூர்ப் போரில் கண்டன் அமுதனார் பராந்தகன் பக்கம் நின்று போரிட்டார். மேலப்பழுவூரில் இவர்கள் காலத்து அவனி கந்தர்ப்ப ஈசுவரகிருகம் ஒரே வளாகத்தில் இரண்டு கற்றளிகளோடு இன்றும் நிற்கிறது.

பழுவூர் என்றதும் வாசகர்களுக்குப் பனை இலச்சினை நினைவுக்கு வரும். அது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் தந்த சின்னம். அக்காலத்து அரசு இலச்சினை எப்படி இருந்தது என்பதைச் சோழர் செப்பேட்டு வளையத்தில் பதித்த முத்திரையில் காணலாம். அமர்ந்த புலி, அருகே இரண்டு மீன்கள், வில், மேலே வெண்கொற்றக்குடை, இரு பக்கமும் சாமரம். மீன் பாண்டியருடையது, வில் சேரருடையது. தோற்றவர்களின் சின்னங்களைத் தன் சின்னத்தோடு சேர்த்துக்கொள்வது ஐரோப்பியக் குலச்சின்னங்களிலும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரனின் காசுகளிலும் இந்த மூன்றும் உள்ளன.

மழவராயர் என்பது இன்னும் பழைய வேர் கொண்டது. சங்க இலக்கியம் பேசும் மழவர் என்ற வீரக்குடியின் பெயரால் காவிரி வடகரை மழநாடு ஆயிற்று. திருமழபாடியும் அப்பெயர் சுமந்தது. கண்டராதித்த சோழனின் தேவியான செம்பியன் மாதேவியைக் கல்வெட்டுகள் மழவரையர் மகளார் என்கின்றன. திருமழபாடிக்குப் பக்கத்திலேயே கண்டராதித்தம் என்ற ஊர் இருக்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து அரியலூர்ப் பாளையக்காரர்கள் ஒப்பிலாத மழவராயர் எனப்பட்டார்கள். முன்பாதி, அவ்வூரில் அவர்கள் வழிபட்ட ஒப்பிலாத அம்மனின் பெயர்.

மற்றொரு பாளையமான உடையார்பாளையத்தாரின் பட்டம் காலாட்கள் தோழ உடையார். காலாட்படைக்குத் தோழர் என்பது பொருள். காஞ்சியிலிருந்து வந்த மரபினர் என்பதால் பெயருக்கு முன் 'கச்சி' சேர்த்துக்கொண்டார்கள். ஊர், தெய்வம், படை, பூர்வீகம் என்று இப்பட்டங்களில் எல்லாமே அடக்கம்.

ஆர்க்காட்டு நவாபின் படை 1765-இல் இரு பாளையங்களையும் கைப்பற்றியது. பின்னர் கும்பினி ஆட்சியில் ஜமீன்களாகத் தொடர்ந்தவை, 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்தன. பெரம்பலூர், அரியலூர்ப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் இன்று பிள்ளைகளின் பெயருக்கு முன் நிற்பது ஓர் எழுத்து. குமரன் கண்டனைப் போலவே, தந்தை பெயரின் முதலெழுத்து.