ஏணியிலிருந்து விழுந்த இரண்டு கிளப்புகள்

நம் வீட்டுப் பிள்ளைகள் இரவு கண்விழித்து டி.வி.யில் இங்கிலாந்துக் கால்பந்து பார்க்கிறார்கள். பெரிய கிளப்புகளின் பெயரெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஆட்டத்தின் உண்மையான சுவையும் கஷ்டமும் கீழ்ப் பிரிவுகளில்தான் இருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். அதைப் பற்றி நம் இதழ் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஐ.பி.எல். கிரிக்கெட்டில் கடைசி இடம் பிடித்த அணியும் மறு வருடம் அதே போட்டியில்தான் ஆடுகிறது. இங்கிலாந்தில் அப்படியில்லை. அங்கே லீக் என்பது ஓர் ஏணி. உச்சியில் பிரீமியர் லீக், 20 கிளப்புகள். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மூன்று படிகள். படிக்கு 24 கிளப்புகள். ஆக மொத்தம் 92. வருடா வருடம் முன்னணியில் வந்தவர்கள் ஒரு படி ஏற, கடைசியில் நிற்பவர்கள் ஒரு படி இறங்கவேண்டும். இறங்கினால் வருமானம் குறையும். நல்ல ஆட்டக்காரர்கள் வேறு இடம் தேடிப் போவார்கள். நாலாவது படியிலிருந்தும் விழுந்தால் 92-க்கு வெளியே. அந்த ஐந்தாம் படிக்கு அப்போது 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர்.

2009-இல் அப்படி இரண்டு கிளப்புகள் சேர்ந்து விழுந்தன. ஒன்று லூட்டன் டவுன், மற்றது செஸ்டர் சிட்டி. இரண்டுமே 1885-இல் தொடங்கியவை.

லூட்டன், தொப்பித் தொழிலுக்குப் பேர்போன ஊர். கிளப்புக்கும் 'தொப்பிக்காரர்கள்' என்றே செல்லப் பெயர். முந்தைய நிர்வாகக் காலத்துக் கணக்கு விவகாரங்களுக்காக அந்த சீசனில் 30 புள்ளிகளைக் கழித்துவிட்டார்கள். களத்தில் ஆடிச் சம்பாதித்தது 56, மிஞ்சியது 26. தண்டனை அனுபவித்ததோ, 2008-இல் கிளப்பைக் காப்பாற்ற முன்வந்த புதிய நிர்வாகமும் ரசிகர்களும். ஏப்ரல் மாதம் வெம்ப்ளி மைதானத்தில் ஒரு கோப்பையை வென்றார்கள்; அதே மாதம் லீக்கை விட்டு இறங்கினார்கள்!

அடுத்த சீசன்தான் சோதனை. ஐந்தாம் படியிலும் லூட்டன் மைதானத்துக்கு ஆட்டத்துக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். பாதியில் மானேஜர் மாறினார். 88 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். ஆனால் நேரடியாக ஏறும் உரிமை முதலிடத்துக்கு மட்டுமே. அது ஸ்டீவனேஜுக்குப் போயிற்று. இன்னொரு இடத்துக்கான 'பிளே-ஆஃப்' சுற்றில் யார்க் சிட்டியிடம் தோற்றார்கள்.

செஸ்டரின் கதை இன்னும் பரிதாபம். கடன் சுமையால் அந்த சீசனைத் தொடங்கும்போதே 25 புள்ளிகள் கழிக்கப்பட்டன. சம்பளம் வராத ஆட்டக்காரர்கள், 2010 பிப்ரவரியில் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டார்கள். அதே மாதம் லீக்கிலிருந்து நீக்கம். அந்த சீசனில் அவர்கள் ஆடிய ஆட்டங்கள் அனைத்தும் கணக்கிலிருந்தே அழிக்கப்பட்டன. மார்ச்சில் நீதிமன்றம் கிளப்பைக் கலைத்தது. 125 வருடச் சரித்திரம் அதோடு முடிந்தது.

முடிந்தது என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் ரசிகர்கள் கூடி, அதே 2010-இல் செஸ்டர் எஃப்.சி. என்ற புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். நம் சங்கம் போல, சந்தா கட்டும் உறுப்பினர்களே சொந்தக்காரர்கள்; ஆளுக்கு ஒரு ஓட்டு. எட்டாம் படியில் ஆரம்பித்து, அடுத்தடுத்து மூன்று சீசனிலும் முதலிடம் பெற்று 2013-இல் ஐந்தாம் படிக்கு வந்தார்கள். அங்கே யார் காத்திருந்தது தெரியுமா? இன்னும் ஏற முடியாமல் தவித்துக்கொண்டிருந்த லூட்டன்தான்!

இடையில் இரண்டு முறை பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் தோற்றிருந்த லூட்டன், 2014-இல் 101 புள்ளிகளுடன் முதலிடம் பெற்று மேலே ஏறியது. 2023-இல் பிரீமியர் லீக்கையே எட்டியது. பிறகு 2024-இலும் 2025-இலும் மீண்டும் இரண்டு படிகள் சறுக்கியது. ஏணி என்றால் அப்படித்தான்.

அடுத்த முறை பிள்ளைகள் புள்ளிப் பட்டியலைக் காட்டும்போது, கடைசி வரிகளையும் படிக்கச் சொல்லுங்கள். முதலிடத்துக்கான போட்டியில் கோப்பை கிடைக்கும் அல்லது கிடைக்காது, அவ்வளவுதான். கடைசியில் நிற்பவர்களுக்கோ, ஓர் ஊரின் கிளப் உயிரோடு இருக்குமா என்பதே கேள்வி. அதற்கு இரண்டு ஊர்களிலும் பதில் சொன்னவர்கள், தோற்ற பிறகும் டிக்கெட் வாங்கி மைதானத்துக்கு வந்த ஜனங்கள்தான்.