மூக்கில் வாழும் நுண்ணுயிரிகளும் நாள்பட்ட சைனஸ் நோயும்

மூக்கில் பாக்டீரியாக்கள் இருப்பதே நோய் அன்று. நலமுடன் இருப்போர் மூக்கிலும் கோரினிபாக்டீரியம் போன்றவை இயல்பாக வாழ்கின்றன. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பதும் பெரியவர்களுள் 100 பேரில் ஏறத்தாழ 30 பேரிடம் தொல்லை தராமல் தங்கியிருக்கிறது.

இச்சமநிலை குலையும்போது இடர் தொடங்குகிறது. மூக்கடைப்பு, சளி, முகவலி, மணம் அறியாமை போன்றவை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதனை நாள்பட்ட சைனஸ் அழற்சி என்கிறோம். சிலரிடம் ஸ்டாஃபிலோகாக்கஸ், மூக்கின் உட்சவ்வின்மேல் பசை போன்ற படலம் அமைத்து, மருந்துக்கு எளிதில் அகப்படாமல் நிலைக்கிறது. அது வெளியிடும் நச்சுகள் நோயெதிர்ப்பு அணுக்களை அளவுமீறித் தூண்டி, ஒவ்வாமையில் பங்குகொள்ளும் ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தை மிகுவிக்கின்றன. மூக்குச் சதையும் ஆஸ்துமாவும் உடையோரிடம் இத்தொடர்பு மிகுதியாகக் காணப்படுகிறது. எனினும் பாக்டீரியா மட்டுமே காரணம் அன்று. ஆகவே மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாட்டிக் உண்ண வேண்டா. நன்மை தரும் நுண்ணுயிரிகளையும் அது அழிக்கும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் பயன் தரும். அனுமந்தை, மரக்காணம் பகுதியில் கடல்நீரும் உப்பளத்து உப்பும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. ஆயினும் அவற்றைப் பயன்படுத்தலாகாது. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு, மூக்கிற்கு உகந்தது 0.9 விழுக்காடு. பாத்தியில் வாரிய உப்பில் மண்ணும் பிற உப்புகளும் கலந்திருக்கும். கொதிக்கவைத்து ஆற்றிய 1 லிட்டர் நீரில், அயோடின் சேராத தூய உப்பு 9 கிராம் கரைத்து அன்றன்றே பயன்படுத்துக.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், காய்ச்சலுடன் கடுந்தலைவலி ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு வருக.