ஹோம் தியேட்டர் கரகரக்கிறதா? கடைக்குத் தூக்கும் முன் அரை மணி நேரம் செலவிடுங்கள்!

விடியற்காலையில் ஷட்டரைத் தூக்கி இரவு பத்து மணிக்கு இறக்கும் மளிகை வணிகருக்குப் பொழுதுபோக்கு என்று கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மூன்று மணி நேரம்தான். 1990-களின் நடுவில் ‘குருதிப்புனல்’ (1995), ‘கருப்பு ரோஜா’ (1996) போன்ற படங்கள் டால்பி, டி.டி.எஸ். ஒலியைத் தியேட்டரில் நமக்குப் பழக்கிவிட்டன. அந்த ஒலியை வீட்டிலும் கேட்க வேண்டும் என்ற ஆசையில், அன்று பர்மா பஜாரிலும் பிறகு ரிச்சி தெருவிலும் ஷோரூம்களிலுமாக நம்மில் பலர் ஹோம் தியேட்டர் வாங்கினோம்.

வாங்கிய இரண்டு மூன்று வருடத்தில் ஒரு நாள் ஒலி கரகரக்கும். வசனம் பிளந்து கேட்கும். உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடுகிறோம். அவர் “போர்டு போச்சு” என்றால் நம்புகிறோம். அல்லது புதிதாகவே வாங்கிவிடுகிறோம். அன்றைய கணக்கு இடித்தால் உடனே கல்லாப் பெட்டியையா மாற்றுகிறோம்? பில் புத்தகம், சிட்டை, பேரேடு என்று வரிசையாகத் தட்டிப் பார்த்துப் பிழை எங்கே என்று பிடிக்கிறோம் அல்லவா? ஒலிக் கோளாறையும் அதே முறையில் பிடிக்கலாம்.

எப்போது கரகரக்கிறது?

முதலில் ஐந்து நிமிடம் அமைதியாகக் கேளுங்கள். ஒலியைக் கூட்டும்போது மட்டும் பிளக்கிறதென்றால், சக்திக்கு மீறி ஓட்டுகிறீர்கள் என்று பொருள். குறைந்த ஒலியிலும் ஒரே ஒரு ஸ்பீக்கரில் கரகரப்பு இருந்தால், அந்த ஸ்பீக்கர் அல்லது அதன் ஒயரைச் சந்தேகிக்க வேண்டும். பாட்டு ஓடாதபோதும் ‘உம்ம்’ என்று இரைந்தால் மின் இணைப்பைப் பார்க்க வேண்டும். வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால், குமிழுக்குள் தூசி சேர்ந்திருக்கிறது. இதற்கென உள்ள ‘கான்டாக்ட் கிளீனர்’ ஸ்பிரேயால் மெக்கானிக் சுத்தம் செய்து தருவார்.

சரக்கிலா, தராசிலா?

அடுத்து, கோளாறு பெட்டியில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே படத்திலோ ஒரே சேனலிலோ மட்டும் கரகரத்தால் பெட்டி மேல் குற்றமில்லை, பதிவே மோசமானது. நன்றாகப் பதிவான, உங்களுக்குப் பழகிய ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள்.

டி.வி.யின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒயர் போட்டிருந்தால், டி.வி. ஒலியை முழுதாக வைக்காதீர்கள். அங்கேயே ஒலி பிளந்துவிட்டால் பிறகு ஆம்ப்ளிஃபயர் அதைத்தான் பெரிதாக்கித் தரும். கலப்படச் சரக்கை எந்தத் தராசில் நிறுத்தாலும் கலப்படம் கலப்படம்தானே! டி.வி.யில் பாதி அளவு வைத்து, மீதியை ஹோம் தியேட்டரில் கூட்டிக்கொள்ளுங்கள்.

எச்.டி.எம்.ஐ. அல்லது ஆப்டிகல் ஒயர் என்றால், டி.வி.யின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்பதைத் தேர்ந்து பாருங்கள். டி.வி. அனுப்பும் டால்பி வகை உங்கள் பெட்டிக்குப் புரியாததாக இருந்தால் ஒலி வராது, அல்லது வெறும் இரைச்சல் வரும். பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். இந்த ஒன்றிலேயே சரியாகிவிடும் பெட்டிகளும் உண்டு.

நம் வட்டாரத்தின் எதிரி: உப்புக்காற்று

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே கடையும் வீடும் வைத்திருக்கிறோம். ஷட்டரும் தராசும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்பதை நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. திறந்து வைத்த உப்பு மூட்டை நீர் விட்டுக்கொள்வதைப் போல, காற்றோடு வந்து படியும் உப்பும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்புக் கம்பியில் களிம்பு ஏறும். இணைப்பு இருப்பது போலத் தெரியும். ஆனால் மின்சாரம் விட்டு விட்டுத்தான் போகும். அதுதான் காதில் கரகரப்பாக விழுகிறது. எண்ணூர்ப் பக்கத்து அன்பர்களுக்கு நிலக்கரித் தூசியும் சாம்பலும் கூடுதல் சீதனம்!

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயரையும் கழற்றிப் பாருங்கள். முனை பச்சையாகவோ கறுத்தோ இருந்தால் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகச் சீவி, இழைகளை நன்றாக முறுக்கிச் செருகுங்கள். ஓர் இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. தொட்டால் ஆம்ப்ளிஃபயர் தானாக அணையும், சில சமயம் எரிந்தும் போகும். சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். மாறினால் கரகரப்பு வராது. ஆனால் பேஸ் மெலிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

மாற்றிப் பார்க்கும் சோதனை

மெக்கானிக்குகள் செய்யும் முதல் சோதனை இதுதான். இடது ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று வையுங்கள். பெட்டியை அணைத்து, பெட்டியின் பின்புறத்தில் மட்டும் இடது ஒயரை வலது துளையிலும், வலது ஒயரை இடது துளையிலும் மாற்றிச் செருகுங்கள். இப்போதும் அதே ஸ்பீக்கர்தான் கரகரத்தால் குற்றம் அந்த ஸ்பீக்கரில் அல்லது ஒயரில். கரகரப்பு மற்ற ஸ்பீக்கருக்குத் தாவிவிட்டால் குற்றம் பெட்டிக்குள். இதற்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் “போர்டு போச்சு” என்பது உண்மையா என்று இந்த ஒரு சோதனை சொல்லிவிடும்.

ஸ்பீக்கர் என்று தெரிந்தால் முன்வலையைக் கழற்றிப் பாருங்கள். காகிதக் கூம்பைச் சுற்றிய ஃபோம் விளிம்பு காலப்போக்கில் உதிர்ந்துவிடும். கிடங்கு ஒட்டிய வீடுகளில் எலி கடித்திருப்பதும் உண்டு. கூம்பை இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக, மெதுவாக அமுக்குங்கள். உரசும் சத்தம் கேட்டால் உள்ளே காயில் உரசுகிறது. மல்டிமீட்டர் இருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 ஓம் காட்டுவது சரியே. எதுவுமே காட்டாவிட்டால் காயில் எரிந்துவிட்டது. அந்த ஒரு ஸ்பீக்கரை மாற்றினால் போதும்.

சப்-வூஃபரைக் கண்ணாடி ஷோகேஸ் மேலோ, எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்கிய அலமாரிப் பக்கத்திலோ வைத்தாலும் ‘கிர்ர்’ என்று அதிரும். அதை ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். தரையில் ரப்பர் விரிப்பு போட்டு வையுங்கள்.

மொத்த எடையும் நிகர எடையும்

அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் ‘வாட்’ போட்டிருப்பார்கள். அருகிலேயே ‘பி.எம்.பி.ஓ.’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். பி.எம்.பி.ஓ.வுக்குப் பொதுவான அளவுமுறை கிடையாது, தயாரிப்பவர் இஷ்டம்தான். சாக்கு, கயிறு, ஈரம் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்த எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆர்.எம்.எஸ்.’ வாட் ஒன்றே நிகர எடை. பெட்டியின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டில், அது இழுக்கும் மின்சாரம் 60 வாட் என்றிருந்தால், 60 வாட்டுக்கு மேல் அது தொடர்ந்து ஒலி தர வழியில்லை.

இந்த எல்லையைத் தாண்டி ஒலியைக் கூட்டினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். பிளந்து கேட்பது இதனால்தான். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் ‘ட்வீட்டர்’ எனும் சிறு ஸ்பீக்கர்தான் முதலில் எரியும். பிளக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே உங்கள் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள்.

மின் இணைப்பு

ஃபிரிட்ஜ், கிரைண்டர் ஓடும் அதே பிளக்கில் ஹோம் தியேட்டரைச் செருகாதீர்கள். டி.வி.யும் ஹோம் தியேட்டரும் ஒரே போர்டில் இருக்கட்டும். ‘உம்ம்’ இரைச்சல் இருந்தால் கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் வழி அதுதான், கேபிள்காரரிடம் சொல்லுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், அது சைன்வேவ் வகையா என்று பாருங்கள். இரைச்சலை நிறுத்துகிறேன் என்று எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் உடைக்காதீர்கள். அது உயிர் விஷயம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் நம் தெருக்களில் புகுந்தது போல மறுபடி நேர்ந்தால், நனைந்த பெட்டியைச் சோதனைக்காகக்கூட ‘ஆன்’ செய்ய வேண்டாம். பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது

பெட்டிதான் கெட்டது என்று உறுதியானால் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சானலில், எவ்வளவு ஒலியில், எத்தனை நிமிடம் கழித்துக் கரகரக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் வெளியே சீலை உடைக்க விடாதீர்கள். ஜி.எஸ்.டி. பில் கையிலிருந்து, கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான்.

ஒரு கிலோ பருப்பில் ஒரு ரூபாய் லாபம் பார்க்கிற தொழில் நம்முடையது. களிம்பு ஏறிய ஓர் அங்குல ஒயருக்காகப் பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியை மாற்றலாமா? இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒயர்களைக் கழற்றிப் பாருங்கள்.