மார்ச்சில் எடுக்கும் அனுமதி, ஆகஸ்டில் ஏறும் மலை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் நிற்கிறது லாங்ஸ் பீக். உயரம் 4,346 மீட்டர். கோடையில் பனி உருகிய பிறகு ‘கீஹோல்’ பாதையில் ஏறக் கயிறோ பாறை ஆணியோ தேவையில்லை; கையையும் காலையும் ஊன்றியே உச்சியைத் தொட்டுவிடலாம். மலையேறிகள் இதை ‘ஸ்கிராம்பிள்’ என்பார்கள். பதிவில் உள்ள முதல் ஏற்றம் 1868இல் நடந்தது. அந்தக் குழுவை நடத்திச் சென்ற ஜான் வெஸ்லி பவல், உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். அதை வைத்து, சுலபமான மலை என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். கயிறு தேவையில்லை என்பதற்கு, விழுந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பொருளில்லை. இந்தப் பாதையில் உயிர்கள் போயிருக்கின்றன.

தனியாக இங்கே போக நினைப்பவர் முதலில் தீர்க்க வேண்டியது, மலையில் இரவு தங்குவதா வேண்டாமா என்பது. ஒரே நாளில் ஏறி இறங்குபவருக்கு முகாம் அனுமதி தேவையில்லை. ஆனால் போகவர ஏறக்குறைய 24 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 1,500 மீட்டர். இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், நண்பகலுக்கு முன்பே உச்சியை விட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அதற்கு அடிவாரத்திலிருந்து அதிகாலை 2, 3 மணிக்கே தலைவிளக்கோடு கிளம்ப வேண்டும். இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் பலர் வழியில் கூடாரம் போடப் பார்க்கிறார்கள்.

கோடைக்கால முகாம் இடங்களுக்கான இணைய முன்பதிவு மார்ச் 1 காலை 8 மணிக்குத் திறக்கிறது. உச்சிக்கு அருகில் இருக்கும் ‘போல்டர் ஃபீல்டு’ முகாமில் மொத்தம் 9 இடங்கள்தான்; கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அது கிடைக்காதவர்கள் மரங்களுக்கு நடுவே உள்ள ‘காப்ளின்ஸ் ஃபாரஸ்ட்’ முகாமைப் பதிவு செய்கிறார்கள். அது அடிவாரத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர்தான். தூங்க நல்ல இடம். உச்சிப் பயணத்தில் மிச்சமாகும் நேரமோ சொற்பம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மார்ச்சில் குறித்த தேதியில் மலை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதை கயிறில்லாமல் ஏறும் நிலையில் இருப்பது வழக்கமாக ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை மட்டுமே. அதற்குள்ளும் ஓர் இரவுப் பனி விழுந்தால் போதும், ஆட்டமே மாறிவிடும். அனுமதி உங்களுக்குத் தருவது தூங்க ஓர் இடம், அவ்வளவுதான். ஐந்து மாதம் காத்திருந்து வாங்கியதாயிற்றே என்ற எண்ணமே பலரைத் திரும்ப விடாமல் மேலே தள்ளுகிறது.

போல்டர் ஃபீல்டு சுமார் 3,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரம் கிடையாது, மண்ணும் பேருக்குத்தான். முளை அடிக்க வழியில்லை. காற்றைத் தடுக்க அடுக்கிய கல் சுவர்களுக்குள், தானாக நிற்கும் கூடாரத்தை விரித்துக் கயிறுகளைப் பாறையில் கட்ட வேண்டும். விறகுத் தீ மூட்டக் கூடாது. சிறிய எரிவாயு அடுப்புதான். கீழே மரங்கள் உள்ள முகாம்களில் உணவைக் கரடியால் திறக்க முடியாத டப்பாவில் வைப்பது கட்டாயம். மேலே தொல்லை தருவது கொழுத்த அணில் போன்ற மார்மட். உணவை மட்டுமல்ல, வியர்வை உப்புக்காகப் பையின் பட்டையையும் ஊன்றுகோலின் பிடியையும்கூடக் கடித்துக் குதறிவிடும். உச்சியில் கிடைப்பது கடல்மட்டத்து ஆக்சிஜனில் 60 சதவீதம் அளவுக்குத்தான். சமவெளியிலிருந்து வந்து நேராக இந்த முகாமில் படுப்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும், தூக்கம் வராது. முதலில் மலைக்கு அருகிலுள்ள எஸ்டெஸ் பார்க் ஊரில் இரண்டு மூன்று இரவுகள் தங்க வேண்டும். அதற்கு நாள் இல்லாதவர், கூடாரத்தை மறந்துவிட்டு ஒரே நாளில் போய்வருவதே மேல் என்பேன்.

முகாமுக்கு மேலே பாறை முகட்டில் தெரியும் பெரிய இடைவெளிதான் கீஹோல், அதாவது சாவித்துளை. அருகிலுள்ள கல் குடில், 1925 ஜனவரியில் கிழக்கு முகம் வழியே ஏறி, இறங்கும்போது உறைந்து இறந்த ஆக்னஸ் வெய்லின் நினைவாகக் கட்டப்பட்டது. அங்கே இரவு தங்கக் கூடாது. மின்னலுக்கும் அது புகலிடம் ஆகாது. வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. ஆனால் அந்த இடைவெளியை எட்டும்வரை மேற்கு வானத்தை மலையே மறைத்திருக்கும். முகாமில் பளிச்சென்று விடிந்த நாளிலும் முகட்டுக்கு அப்பால் கருமேகம் திரண்டிருக்கலாம்.

அங்கிருந்து உச்சிக்கு இரண்டு கிலோமீட்டர்தான்; ஆனால் அந்தத் தூரத்துக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கலாம். பாறையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூசிய வட்டக் குறிகள் வழி காட்டும். அவற்றைத் தவறவிட்டவர்தான் ஏறக் கூடாத பாறையில் மாட்டிக்கொள்கிறார். முதலில் ‘லெட்ஜஸ்’ விளிம்புகள். அடுத்து, முன்னால் போகிறவர் காலடியில் கற்கள் உருண்டு வரும் ‘டிரஃப்’ பள்ளம். தலைக்கவசம் போட வேண்டிய இடம். பிறகு ஒருபுறம் பாதாளமாக இறங்கும் ‘நேரோஸ்’. கடைசியில் ‘ஹோம்ஸ்ட்ரெச்’, பல காலத்துக் காலடிகள் பட்டு அம்மிக்கல்லாய் வழவழத்த சாய்பாறை. காய்ந்திருந்தால் காலுக்குப் பிடிப்பு உண்டு. ஒரு தூறல் விழுந்தால் ஏறுவதைவிட இறங்குவது பயங்கரம்.

குழுவாகப் போனால் யாராவது ஒருவர் ‘போதும், திரும்பலாம்’ என்பார். தனியாள் அதைக் கிளம்பும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்: எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது, என்ன கண்டால் மேலே போவதில்லை. அந்தத் தாளின் நகலையும், எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் அமெரிக்க அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும் என்பதையும் ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கைபேசி சிக்னலை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி இருப்பது நல்லது. ஆனால் பொத்தானை அழுத்தினாலும் மீட்புக் குழு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம்.

பதிவு செய்யும்போது கிடைத்தால் அடுத்தடுத்து இரண்டு இரவுகளாகக் கேளுங்கள். முதல் விடியலில் மேற்கே மேகம் தெரிந்தால், உச்சியை மறுநாளுக்கு ஒத்திப்போடலாம். இரண்டு நாளும் கெடும் என்று வானிலை அறிக்கை சொன்னால், அனுமதியை ரத்து செய்துவிடுங்கள். அந்த இடத்துக்கு வேறு யாராவது காத்திருப்பார்.