எறியும் தோலில் இருக்கும் மருந்து

ரப்பர் மரத்தின் பால் எங்கே ஓடுகிறது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அது மரத்தின் உள்தடியில் இல்லை, பட்டையிலேயே இருக்கிறது. காய்கனிகளின் இயல்பும் ஏறக்குறைய இத்தகையதே. பூச்சியும் பூஞ்சணமும் முதலில் தாக்குவது தோலைத்தான். ஆதலால், தம்மைக் காத்துக்கொள்ளச் செடிகள் உண்டாக்கும் கசப்பும் துவர்ப்புமான பொருள்கள் பல தோலிலேயே தங்கிவிடுகின்றன. நாம் குப்பையில் எறிவது அந்தத் தோலைத்தான்.

பினாங்கின் பாலிக் பூலாவ் தோப்புகளில் விளையும் மங்குஸ்தீனை எடுத்துக்கொள்வோம். வெள்ளைச் சுளையை உண்டு, கருஞ்சிவப்புத் தோலை எறிந்துவிடுகிறோம். அத்தோலின் துவர்ப்புச் சத்து மிகக் கடுமையானது. வயிற்றுப்போக்கிற்கும் தோற்புண்ணிற்கும் அதனை மருந்தாக்கும் பழக்கம் தென்கிழக்காசிய மக்களிடம் நெடுங்காலமாக உண்டு. நம் சித்த மருத்துவமும் மாதுளம்பழத் தோலை வயிற்றுப்போக்கிற்குப் பயன்படுத்துகிறது.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் ஆய்வாளர்கள் மங்குஸ்தீன் தோலிலிருந்து ‘சாந்தோன்’ என்னும் பொருள்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். பெருங்குடற் புற்றுநோயின் உயிரணுக்களை அச்சாறு ஆய்வுக்கூடத்தில் அழித்ததாகவும், எலிகளின் உடலில் வளர்ந்த கட்டிகளைக் கட்டுப்படுத்தியதாகவும் 2012ஆம் ஆண்டில் அறிவித்தனர். இது நமக்குப் பெருமை தரும் செய்தியே. எனினும், எலிக்கு உதவியது மனிதருக்கும் உதவும் என்று உறுதி கூற இயலாது. ஆய்வாளர்கள் பயன்படுத்தியது அளவறிந்து பிரித்தெடுத்த சாறு. வீட்டில் கொதிக்கவைக்கும் கஷாயத்தில் எப்பொருள் எவ்வளவு இருக்கிறதென்று யாரும் அறியார்.

உருளைக்கிழங்குத் தோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. பம்பாய் வாடியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் கேஸ்வானியும் அவருடைய துணைவர்களும், வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலைத் துணிக்கட்டில் பொருத்தித் தீப்புண்களின்மேல் கட்டினர். அந்த முயற்சி 1985ஆம் ஆண்டில் மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. தோல், புண்ணை உலரவிடாமல் ஈரத்தைக் காத்தது; அதனால் புதுத்தோல் வளர வழி பிறந்தது. விலையுயர்ந்த கட்டுகளை வாங்க இயலாத ஏழைகளுக்கு இது நல்ல வழியாயிற்று.

ஆனால், அக்கட்டுகள் கிருமி நீக்கப்பட்டவை என்பதை மறத்தலாகாது. சமையலறைத் தோலை நேரே புண்ணில் வைத்தால் கிருமி புகுந்துவிடும். வெந்நீரோ தீயோ பட்டால், உடனே ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டுதலே முறை. ரப்பர் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் உடலில் பட்டாலும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பின்னர்த் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

அங்ஙனமாயின் வீட்டில் தோல்களால் பயனில்லையா? உண்டு, மருந்தாக அன்று, உணவாக. பீர்க்கங்காய்த் தோலை உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியுடன் வதக்கி அரைக்கும் துவையலை நம் தாய்மார்கள் நன்கறிவர். தோலிலுள்ள நார்ச்சத்து மலச்சிக்கலைப் போக்கும். உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் விரைந்து கலவாதபடி தடுக்கும். பூச்சிமருந்து ஒட்டியிருக்கக்கூடுமாதலால், தோலோடு சமைக்கும் காய்களை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பச்சை நிறமேறிய உருளைக்கிழங்குத் தோலை உண்ணவே கூடாது. அதிலுள்ள நச்சு வேகவைத்தாலும் நீங்காது. வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாக்கும்.

நீரிழிவுக்காரர் ஒருவர் அண்டை வீட்டார் சொற்கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுத் தோல் கஷாயத்தை நம்பினால், சர்க்கரை ஏறுவது அவருக்கே தெரியாமற்போகலாம். காலில் ஆறாத புண் தோன்றியபின் வருந்திப் பயனில்லை. கஷாயம் குடிப்பவர்கள் அதனைக் கிளினிக்கில் மறையாது சொல்லவேண்டும். தோலைத் துவையலாக்கி உண்போம்; நோய்க்கு மருத்துவர் தந்த மருந்தையும் தவறாது உட்கொள்வோம்.